காண்டாமிருகத்தைக் காப்பாற்றியது யார்? – ஜூலுலாந்துக் காட்டில் மாணவர்கள்

பரீட்சை முடிந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நீளமான கட்டுரை. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் விடுதியில் எங்கள் சீனியர் அக்கா ஒருவர் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் இரண்டு வாரம் தன்னார்வத் தொண்டு. மாணவர்கள் போகலாம், முன் அனுபவம் தேவையில்லை. தாயில்லாத சிங்கக்குட்டிகளுக்குப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு படம். நம் வயதுப் பெண் ஒருத்தி மடியில் சிங்கக்குட்டியை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கட்டணம், விமானச் செலவு எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் வருகிறது. ஆனாலும் அக்கா பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், அன்றைக்கு ராத்திரி நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் :-)

போவதற்கு முன்னால் அந்த ஊர்க் காடுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குக் கிடைத்தது சிங்கத்தின் கதை இல்லை, காண்டாமிருகத்தின் கதை. மாணவர்களை ஆப்பிரிக்கக் காட்டுக்குள் அழைத்துப் போகும் வழக்கம் எப்படித் தொடங்கியது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதும் அதிலேயே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசர்களின் வேட்டைக்காடு

தென்னாப்பிரிக்காவின் கிழக்கே, இந்தியப் பெருங்கடலை ஒட்டி இருக்கும் மாகாணம் குவாசூலு-நேட்டால். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய டர்பன் நகரம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போனால் பழைய ஜூலுலாந்து. அங்கே கறுப்பு இம்ஃபொலோசி, வெள்ளை இம்ஃபொலோசி என்று இரண்டு ஆறுகள் வந்து சேருகிற ஒரு இடம் உண்டு. அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள நிலம் ஜூலு அரசர்களின் வேட்டைக்காடாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஷாக்கா அங்கே பெரும் வேட்டை நடத்தினார் என்றும், ஆறுகள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் குழிகள் வெட்டி அவற்றில் விலங்குகளை விரட்டி விழச் செய்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

1879இல் ஆங்கிலேயர் ஜூலுக்களோடு போர் செய்து வென்றார்கள். 1887இல் ஜூலுலாந்தைத் தங்கள் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகள் தென்னாப்பிரிக்கா முழுக்க வேலை செய்து முடித்திருந்தன. ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேய்ந்த வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்தே போய்விட்டது என்று எண்ணியவர்கள் பலர்.

(வெள்ளை என்று பெயர்தான், நிறம் சாம்பல். கறுப்புக் காண்டாமிருகமும் சாம்பல்தான். வாயை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். வெள்ளைக்குப் புல் மேய்வதற்கு ஏற்ற அகலமான, சப்பையான வாய். கறுப்புக்குச் செடி கொடிகளைப் பிடித்து இழுக்கக் கூரான மேலுதடு.)

ஆனால் இம்ஃபொலோசி ஆறுகளுக்கு நடுவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருந்தது. எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் இருபது என்கிறார்கள், சிலர் ஐம்பது என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நூறுக்குள்தான். 1895இல் இம்ஃபொலோசியும் அதற்கு வடக்கே உள்ள ஷ்லுஷ்லுவேயும் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கேம் ரிசர்வுகளில் இவையும் அடக்கம். இன்று இரண்டும் இணைந்து ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி பூங்கா. பரப்பு சுமார் 960 சதுர கிலோமீட்டர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காப்பகம் என்று அறிவித்த நாளிலிருந்து, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய ஜூலுக்காரன் சட்டப்படி திருடன் ஆகிவிட்டான். விலங்குகளைக் கொன்று தீர்த்தது பெரும்பாலும் ஐரோப்பியத் துப்பாக்கி. வேலி போட்டது ஜூலுக்காரனுக்கு. இந்தக் கசப்பு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

ஒரு ஈயால் வந்த வினை

காப்பகம் அறிவித்தாயிற்று, இனி எல்லாம் சுபம் என்று நினைத்தேன். இல்லை. பின்னாளில் அரசாங்கமே அந்த விலங்குகளைச் சுட்டுக்கொண்டிருந்தது!

காரணம் நாகனா என்ற மாட்டு நோய். அதே 1895ஆம் ஆண்டு, டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் ஜூலுலாந்தில் உபோம்போ என்ற மலையூரில் தன் மனைவி மேரியுடன் தங்கி ஆராய்ந்து, அந்த நோய்க்குக் காரணம் ரத்தத்தில் வாழும் டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி என்றும், அதைப் பரப்புவது செட்சி ஈ என்றும் கண்டுபிடித்தார். காட்டு விலங்குகளின் ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணி இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஈ அதைக் கடித்துவிட்டு மாட்டைக் கடித்தால் மாடு செத்துவிடும்.

இது அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் விளைவு? காப்பகத்தைச் சுற்றி வெள்ளைக்கார விவசாயிகள் குடியேறி மாடு வளர்க்கத் தொடங்கியதும், "காட்டு விலங்குகள் இருக்கும்வரை நோயும் இருக்கும், எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுங்கள்" என்று கேட்டார்கள். அரசாங்கமும் ஒத்துக்கொண்டது. 1929-30இல் இம்ஃபொலோசியில் மட்டும் 26,000க்கும் அதிகமான விலங்குகள் சுடப்பட்டன. வரிக்குதிரை, காட்டெருமை, மான் என்று பாகுபாடு இல்லை. காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

1930களில் ஹாரிஸ் என்பவர் ஒரு பொறி கண்டுபிடித்தார். செட்சி ஈ கண்ணால் பார்த்துத்தான் இரையைத் தேடுகிறது என்று கவனித்து, தூரத்திலிருந்து பார்த்தால் விலங்கின் உடம்பு மாதிரித் தெரியும் சாக்குத்துணிப் பொறிகளை மரங்களில் தொங்கவிட்டார். ஈக்கள் லட்சக்கணக்கில் மாட்டின. கொஞ்ச காலம் நிம்மதி. 1940களில் நோய் திரும்பியது, துப்பாக்கியும் திரும்பியது. ஜூலுலாந்தில் அந்தப் பத்தாண்டில் கொல்லப்பட்ட விலங்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல். கடைசியில் இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்தைத் தெளித்துத்தான் ஈயை ஒழித்தார்கள்.

இவ்வளவு ரத்தக்களறிக்கு நடுவிலும் காண்டாமிருகங்கள் தப்பிப் பிழைத்தன. எத்தனை பிழைத்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

எண்ணிப் பார்த்தவரும் கற்றுக் கொடுத்தவரும்

1952இல் இயன் பிளேயர் என்ற இளைஞர் நேட்டால் பூங்கா வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 25 வயது. (உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் கேரி பிளேயரின் அண்ணன்.) காட்டு வேலைக்கு வருவதற்கு முன்பே துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்தவர். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஆற்றில் படகோட்டும் டூசி போட்டியைத் தொடங்கி, 1951இல் முதல் போட்டியிலேயே ஜெயித்தவர்.

1953இல் சிறிய விமானம் ஒன்றில் பறந்து இம்ஃபொலோசியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள வெள்ளைக் காண்டாமிருகங்களை அவர் எண்ணினார். மொத்தம் 437. அந்தத் தெற்கு இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் கல்லூரியில் ஒரு வருஷத்து மாணவர்களின் எண்ணிக்கைகூட அதைவிட அதிகம்.

பிளேயரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் அவரே வாழ்நாள் முழுக்கத் தன் ஆசான் என்று சொன்ன ஒருவர் உண்டு. மக்குபு என்டொம்பேலா. 1900ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த ஜூலுக்காரர். பள்ளிக்கூடத்தின் பக்கமே போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே காப்பக வேலைக்கு வந்து வனக்காவலர் ஆனவர். பிளேயர் வேலைக்குச் சேர்ந்தபோது மக்குபுவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. எந்தத் தடம் எந்த விலங்குடையது, எத்தனை நேரத்துக்கு முந்தியது, எந்தப் பறவை கத்தினால் எதிரே காண்டாமிருகம் இருக்கிறது, எந்த மரத்தின் பட்டை எந்த நோய்க்கு ஆகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதலில் அதிகாரி - காவலர் என்றுதான் தொடங்கியது. அது நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில்கூட உட்காரக் கூடாது. அந்த நாட்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஜூலு முதியவரிடம் மாணவனாக ஆனார். மக்குபு 1993இல் இறந்தார். அதுவரை நாற்பது வருஷம் அந்த உறவு நீடித்தது.

1957: மாணவர்கள் வந்தார்கள்

இங்கேதான் நம் கதைக்கு வருகிறோம்.

1957இல் பிளேயர் வைல்டர்னஸ் லீடர்ஷிப் ஸ்கூல் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஸ்கூல் என்று பெயரே தவிர, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை எதுவும் கிடையாது. பள்ளி மாணவர்களைச் சிறு குழுவாகக் காட்டுக்குள் நடத்தி அழைத்துப் போவார்கள். ஜீப் கிடையாது. சாப்பாடும் படுக்கையும் முதுகில். சில நாட்கள் திறந்த வெளியிலேயே தூங்க வேண்டும். கூடவே 1950களின் கடைசியில் இம்ஃபொலோசியின் தெற்குப் பகுதியில் சாலையும் கட்டடமும் கூடாது, நடந்துதான் போகலாம் என்று ஒரு பெரிய நிலம் ஒதுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒதுக்கப்பட்ட முதல் நிலம் அது. பிளேயரும் மக்குபுவும் சேர்ந்து அங்கே எத்தனையோ குழுக்களை நடத்திப் போனார்கள்.

அந்த நடைப்பயணங்களில் ஒரு வழக்கம் உண்டு. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. இரவில் எல்லாரும் தூங்கும்போது ஒவ்வொருவராக முறை வைத்து நெருப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். நெருப்பு அணையாமல் விறகு போட வேண்டும். ஏதாவது விலங்கு பக்கத்தில் வந்தால் வழிகாட்டியை எழுப்ப வேண்டும். உன் முறை வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் எல்லாருடைய உயிரும் உன் கையில். பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன், கழுதைப்புலி ஊளையிடுவதைக் கேட்டபடி, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் விழித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். இன்றும் அந்த நடைப்பயணங்களில் இந்த வழக்கம் இருக்கிறது.

கவனியுங்கள், அந்த மாணவர்களைக் காட்டைக் காப்பாற்றுவதற்காக அழைத்துப் போகவில்லை. அவர்களால் காண்டாமிருகத்துக்கு அந்த வாரத்தில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பிளேயர் நினைத்தது வேறு. இந்தப் பையன்கள் நாளைக்கு வக்கீல், முதலாளி, அரசியல்வாதி என்று ஆவார்கள். காடு என்றால் என்ன என்று ஒரு தடவை உடம்பால் உணர்ந்தவன், காட்டை அழிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம் யோசிப்பான். தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்கார மாணவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, பல இனத்தவரையும் ஒரே குழுவாக அழைத்துப் போனார்கள்.

முன்னால் நடந்தவர் மக்குபு. மாணவர்கள் பின்னால். வரிசை அப்படித்தான் இருந்தது.

ஆபரேஷன் ரைனோ

இதற்கிடையில் காண்டாமிருகங்கள் பெருகின. அதுவே பிரச்சினை ஆனது. ஒரே இடத்தில் அத்தனையும் இருந்தால் மேய்ச்சல் போதாது. ஒரு கொள்ளைநோய் வந்தால் உலகத்தின் மொத்த இனமும் ஒரே வாரத்தில் போய்விடும். ஆகவே பிடித்து வேறு இடங்களுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் நடந்த இந்த வேலைக்குப் பெயர் ஆபரேஷன் ரைனோ.

இரண்டு டன் எடையுள்ள விலங்கை எப்படிப் பிடிப்பது? மயக்க ஊசியைத் துப்பாக்கியால் செலுத்த வேண்டும். அளவு கூடினால் செத்துவிடும். குறைந்தால் ஊசியோடு ஓடிப்போய்ப் புதருக்குள் விழுந்துவிடும். குதிரையில் துரத்திப் போக வேண்டும். தொடக்கத்தில் சில விலங்குகள் இறந்தன. எம்-99 என்ற மருந்து வந்த பிறகுதான் வேலை சுலபமாயிற்று. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது அது. மாற்று மருந்தைச் செலுத்தினால் சில நிமிஷத்தில் விலங்கு எழுந்து நிற்கும். உலகம் முழுக்கப் பெரிய விலங்குகளை மயக்கிப் பிடிக்கும் முறை வளர்ந்ததில் இம்ஃபொலோசிக்குப் பெரிய பங்கு உண்டு.

வெள்ளைக் காண்டாமிருகம் 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிருந்த குரூகர் பூங்காவுக்கு 1961இல் அவை திரும்ப வந்தன. 1970இல் இங்கிலாந்தின் விப்ஸ்நேடுக்கும் 1971இல் அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் இருபது இருபதாக அனுப்பினார்கள். 2012இல் உலகில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் 21,000க்கும் மேல். ஏறக்குறைய எல்லாமே அந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவே மிஞ்சிய சிறு கூட்டத்தின் வாரிசுகள்.

ஒரு கணக்கு. 1895இல் காப்பகம் அறிவித்ததிலிருந்து 1953இல் 437 என்று எண்ணும்வரை 58 வருஷம். அங்கிருந்து 21,000 ஆக இன்னும் 59 வருஷம். காண்டாமிருகம் பதினாறு மாதம் சினையாக இருந்து ஒரே ஒரு கன்று போடும் விலங்கு. அவசரப்படுத்த வழியில்லை. அத்தனை வருஷமும் ராத்திரி பகலாகக் காவல் காத்தவர்கள் பெரும்பாலும் மக்குபு போன்ற ஜூலு வனக்காவலர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வரிசை மாறியது

இனி விளம்பரத்துக்கு வருவோம்.

1971இல் அமெரிக்காவில் எர்த்வாட்ச் என்ற அமைப்பு தொடங்கியது. சாதாரண மக்கள் பணம் கட்டி விஞ்ஞானிகளின் களப்பணியில் போய் உதவலாம். விஞ்ஞானிக்கு ஆளும் பணமும் கிடைக்கும், போகிறவருக்கு அனுபவம். நல்ல யோசனைதான். பிறகு மேலை நாடுகளில் பள்ளி முடித்துக் கல்லூரி சேரும் முன் ஒரு வருஷம் ஊர் சுற்றும் பழக்கம் பரவியது. பணம் கட்டித் தொண்டு செய்வது ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. பிளேயரின் மாணவன் கற்றுக்கொள்ளப் போனான். புதிய மாணவன் காப்பாற்றப் போகிறான். அவனுக்குப் பணம் இருக்கிறது, இரண்டு வாரம் இருக்கிறது, காப்பாற்ற ஏதாவது வேண்டும். கையில் எடுத்துக் கொஞ்சக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு டன் காண்டாமிருகத்தைக் கொஞ்ச முடியாது. சிங்கக்குட்டியைக் கொஞ்சலாம்.

தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைக் கோழிப்பண்ணை மாதிரிப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அங்கே பிறந்த குட்டிகளைச் சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். அப்போதுதான் தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். பிரித்த குட்டிகளை "அநாதைக் குட்டிகள்" என்று சொல்லி, பால் கொடுக்க நம்மைப் போன்ற மாணவர்களிடம் காசு வாங்குகிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் சுற்றுலாப் பயணிகளோடு நடக்க விடுகிறார்கள். முழுதாக வளர்ந்ததும் பலவற்றின் முடிவு, வேலி போட்ட இடத்தில் பணக்கார வேட்டைக்காரனின் துப்பாக்கி. எலும்பு ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்தது. 2017இல் மட்டும் 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்யத் தென்னாப்பிரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இந்த வேலி வேட்டையை 1997இலேயே ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 2015இல் வந்த 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் தன்னார்வலர்களின் பங்கையும் சேர்த்துக் காட்டியது. ஆசையாகப் பால் கொடுத்து வளர்த்த குட்டி பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு உடைந்துபோனவர்கள் அதில் பேசுகிறார்கள். 2021இல் அமைச்சர் பார்பரா கிரீசி இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டும் கொள்கையை அறிவித்தார். அறிவித்த உடனே பண்ணைகள் மூடிவிடவில்லை.

"எப்படியோ சிங்கம் பெருகுகிறதே, நல்லதுதானே?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் இம்ஃபொலோசியிலேயே கிடைத்தது. சிங்கமே இல்லாமல் போயிருந்த அந்தக் காட்டுக்கு 1958இல் ஒற்றை ஆண் சிங்கம் எங்கிருந்தோ நடந்தே வந்து சேர்ந்தது. 1960களில் சில பெண் சிங்கங்கள் வந்தன. அந்தக் கொஞ்சத்திலிருந்தே எல்லாம் பெருகியதால், காலப்போக்கில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகிச் சிங்கங்கள் பலவீனமாயின. சரிசெய்ய 1999 முதல் 2001 வரை வேறு காடுகளிலிருந்து சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காடுகளிலிருந்து! பண்ணையிலிருந்து அல்ல. மனிதன் கையில் பால் குடித்து வளர்ந்த, பூர்வீகம் தெரியாத சிங்கம் காட்டுக்கு உதவாது.

அப்படியானால் போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நேர்மையான வேலையும் அங்கே இருக்கிறது. ஜூலுலாந்துக் காப்பகங்களில் 2008 முதல் வைல்ட்லைஃப் ஆக்ட் என்ற அமைப்பு தன்னார்வலர்களை வைத்து ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைக் கண்காணிக்கிறது. கழுத்துப்பட்டையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை ஆன்டெனாவால் தேட வேண்டும். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். காட்டுநாய் ஒவ்வொன்றின் உடம்பிலும் புள்ளிகள் வேறு மாதிரி இருக்கும். அதை வைத்து எது எது என்று அடையாளம் கண்டு எழுத வேண்டும். தானியங்கிக் கேமராக்களில் விழுந்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான படத்தில் அசையும் புல்தான் இருக்கும். ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசியில் விலங்குக் கணக்கெடுப்பின்போது, துப்பாக்கி ஏந்திய காவலரோடு நேர்கோட்டுப் பாதையில் காலையில் பல கிலோமீட்டர் நடந்து எண்ணும் வேலையிலும் தன்னார்வலர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த வேலைகளில் ஒன்றிலாவது விலங்கைத் தொட இடமில்லை. பார்ப்பது, எண்ணுவது, எழுதுவது. 1953இல் பிளேயர் விமானத்தில் உட்கார்ந்து செய்ததும் இதைத்தான். 437 என்ற எண் இல்லாவிட்டால் ஆபரேஷன் ரைனோ இல்லை. அதேபோல வரிசையும் சரியாக இருக்கிறது. ஊர்க்காரக் காவலர் முன்னால், மாணவர் பின்னால்.

உண்மையான ஆபத்து இன்றைக்கும் தீரவில்லை. 2007இல் தென்னாப்பிரிக்கா முழுக்கக் கள்ளவேட்டையில் போன காண்டாமிருகங்கள் 13. 2014இல் 1,215. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன கொம்புக்காக! 2023இல் கொல்லப்பட்ட 499இல் 307 ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசியில். இனத்தையே காப்பாற்றிக் கொடுத்த அதே காட்டில். 2024இல் வேறு வழியில்லாமல் அந்தப் பூங்காவில் காண்டாமிருகங்களை மயக்கிக் கொம்பை அறுத்து எடுக்கத் தொடங்கினார்கள். வலிக்காது, திரும்ப வளரும். ஆனால் வளர வளர அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு வார விருந்தாளி போதாது. அங்கேயே பிறந்து, அங்கேயே சம்பளம் வாங்கி, ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அதை நோக்கி ஓடுகிற ஆட்கள் வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் அந்த விளம்பரக்காரர்களுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினார். குட்டிகளின் தாய் எங்கே? போன வருஷத்துக் குட்டிகள் இப்போது எங்கே? உங்கள் சிங்கங்களில் எத்தனை எந்தக் காட்டுக்குப் போயின?

இரண்டு நாளில் பதில் வந்தது. இந்த மாதமே பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். மூன்று கேள்விக்கும் பதில் இல்லை.

அக்கா சேர்த்த பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. "போவேன்டா, ஆனால் எண்ணுவதற்குப் போவேன்" என்கிறார். உங்களில் யாராவது இப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டிருந்தால், அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.